ஓதம் ஏறிய சுவர்

நம் மேனேஜரின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இங்கே முக்கால்வாசி நலம். மீதியைக் கீழே படித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசும்போது, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தொண்டையைக் கனைப்பது எனக்கே கேட்கிறது. அந்த அவசரத்தில் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதைத் தாண்டி எதுவும் பேச முடிவதில்லை. இந்தக் கடிதம் சரக்குப் படகு ஏறி, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் உங்கள் இரும்பு மேடைக்கு வந்து சேர்வதற்குள் சேதி பழசாகிவிடும். பரவாயில்லை, பழைய சேதியாவது முழுசாக இருக்கட்டும்.

நீங்கள் கிளம்பிய வாரம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. உங்கள் மகள் பள்ளிக்கூட ஷூவில் ஒன்றைத் தொலைத்துவிட்டாள். பீரோவுக்குப் பின்னால் போயிருக்கும் என்று மாமாவும் நானும் பீரோவை இழுத்தோம். ஷூ கிடைத்தது. ஆனால் அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வடக்குச் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. யாரோ கரிக்கையால் தடவித் தடவி விட்ட மாதிரி. கை வைத்தால் சில்லென்று ஈரம். ஈரச் சாக்கை மூட்டை கட்டி வைத்த வாடை. இத்தனை நாளாக அந்த அறையில் வந்துகொண்டிருந்த வாடை மழையால் என்று நினைத்திருந்தேன்.

பீரோவின் அடித்தட்டில் இருந்த துணிகளிலும் ஏறிவிட்டது. உங்கள் கோட்டின் தோள்பட்டையில் பச்சைப் பொடி. தோல் பெல்ட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மாமா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவம், அவன் இடுப்புல இருந்தப்பவே இது பாதி செத்துப்போச்சு" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்கப் போகிறது; காய்ந்ததும் எட்டிப் பார்க்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "துணியை வீட்டுக்குள்ள காயப் போட்டா சுவர் அழத்தான்மா செய்யும். ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். ஜன்னலைத் திறந்தால் மழை உள்ளே வருகிறது, மூடினால் ஓதம் ஏறுகிறது என்று மாமா சொன்னார். அதற்கு அவர், "அப்ப பாதி திறங்க" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது? ஆனாலும் மறுநாளே ஒரு பெயின்டரை அனுப்பிவிட்டார். அவர் ஈரச் சுவர் மேலேயே இரண்டு கை வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது பார்க்கப் பால் மாதிரி இருக்கிறது.

எனக்கு மேல் வீட்டுத் தையற்காரம்மா மேல்தான் சந்தேகம். அவர்கள் குளியலறை சரியாக அந்த மூலைக்கு மேலே வருகிறது. கேட்டுப் பார்த்தேன். "என் பாத்ரூம் காய்ஞ்சு கிடக்கு, வேணும்னா வந்து நாக்கால தொட்டுப் பாருங்க" என்றாள். நானும் ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது படியில் பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

பாப்பாவுக்குக் கொஞ்சம் இருமல். மழைக்கால இருமல்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தாத்தாவுக்கு, அதுதான் மாமாவுக்கு, அவள் போடும் உத்தரவுகளில் ஒரு குறையும் இல்லை. நேற்று அவரை நிற்க வைத்து, "லிஃப்ட், மூணாவது மாடி" என்றாள். முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டிய மனிதர், இவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "மூணாவது மாடி வந்தாச்சு, மேனேஜரம்மா இறங்கலாம்" என்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் வேலை போகவில்லை அவருக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் காற்றில் தலையைத் துவட்டாமல் நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டையும் உங்கள் கோட்டையும் காத்துக்கொண்டிருக்கும்,
மனைவி


நம் மேனேஜரின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மேடையில் பறவை ஒன்று வந்து தங்கியிருப்பதாக நீங்கள் எழுதியதை பாப்பா என்னை நாலைந்து முறை படிக்க வைத்தாள். இந்த முறை முக்கால்வாசி நலம் என்று எழுத மனசு வரவில்லை.

வெள்ளை அடித்த சுவர் ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. முதலில் கடுகு மாதிரி புள்ளிகள் வந்தன. பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. இப்போது ஜன்னல் ஓரம் வரை ஏறி, கூரை மூலையைத் தொட்டுவிட்டது. பெயின்ட் பப்படமாக உப்பி, விரல் பட்டால் உதிர்கிறது. நான் கடையில் நாளெல்லாம் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிறவள். ஒரு விரல் ரேகை இருந்தாலும் எனக்குக் கண்ணில் உறுத்தும். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் இந்தச் சுவர். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே மறுபடி தேய்க்க வேண்டுமே என்று கை வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

போன தடவை இருமல் என்று எழுதினேன் அல்லவா? அது இருமல் இல்லை, இழுப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம். டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "வீட்ல ஈரச் சுவர் இருக்கா?" என்றுதான். உள்ளே போய்ப் பார்த்தவர் மாதிரி கேட்டார்.

அன்றே மாமா தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்விட்டார். நானும் பாப்பாவும் ஹாலுக்கு வந்தோம். வேண்டாம் மாமா, உங்களுக்கும் அது ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன். "என் நுரையீரல் பழைய இரும்பும்மா. துருப் பிடிச்சதுக்கு மேல இன்னும் என்ன துரு?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வாதாடி ஜெயிக்க முடிகிற மனிதரா அவர்? நீங்களே ஜெயித்ததில்லை.

ஆனால் ஹாலுக்கு வந்தும் இழுப்பு குறையவில்லை. இரண்டு அறை வீட்டில் எங்கே ஒளிவது? ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆயா தூக்கிக்கொண்டே வந்து விட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இதை உங்களிடம் போனில் சொல்லவில்லை. கடலுக்கு நடுவே நின்றுகொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? டாக்டரம்மா, சுவரைச் சரி பண்ணுகிற வரைக்கும் குழந்தையை வேறு எங்காவது வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே மாடி வீடு, நல்ல வெயில். போன மறுநாளே இருமாமல் தூங்கினாளாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. மாமா அவளுடைய தட்டை எடுத்து வைப்பதும் திரும்ப உள்ளே வைப்பதுமாக இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. பேசினால் ஒரே கேள்விதான். "சுவர் சரியானா கூட்டிட்டு வந்துடலாம்ல?" ஆமாம் மாமா என்கிறேன். வீட்டுக்காரருக்கு மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறேன். மழை நிற்கட்டும் என்கிறார்.

போன ஞாயிறு நீங்கள் கோபப்பட்டதில் தப்பில்லை. பெற்ற பிள்ளையை இன்னொரு வீட்டில் விட்டதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் போனில் ரிசீவர் பழுதாகி, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. "வீட்டுல ஒருத்தர் நாள் முழுக்கச் சும்மாதானே உட்கார்ந்திருக்காரு, ஒரு சுவரைத் தேய்க்க முடியாதா?" என்று நீங்கள் சொன்னபோது மாமா பக்கத்தில்தான் இருந்தார். நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். இனிமேல் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

பாப்பா உங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பறவைக்குத் தினமும் தண்ணீர் வைக்க வேண்டுமாம்.

நல்ல சேதியோடு அடுத்த கடிதம் எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
மனைவி


உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

கம்பெனி ஆபீஸ் கிளார்க் உங்களுக்குத் தகவல் சொல்லியிருப்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்லச் சொன்னேன். காற்று அடங்கினால்தான் படகு கிளம்பும் என்றார்கள். கடிதம் கொண்டு வரும் படகிலேயே நீங்கள் திரும்பி வரலாம், விடுப்புக்குச் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னார்கள். அதனால் இதைப் படித்து முடிக்கும்போது உங்கள் கையில் பை இருக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாராவது வேறு மாதிரி சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது.

அன்று நான் வழக்கம்போலக் கடைக்குக் கிளம்பினேன். மாமா அன்றைக்கு என்னவோ உற்சாகமாக இருந்தார். "சாயங்காலம் வர்றப்ப உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு, மருமகளே" என்றார். நாற்காலிக்கு வண்ணம் அடிப்பார், இல்லையென்றால் பாப்பாவின் சைக்கிளைச் சரி பண்ணுவார் என்று நினைத்துக்கொண்டேன். மதியத்துக்கு முன்னாலேயே கடைக்குப் போன் வந்தது. மேல் வீட்டுத் தையற்காரம்மாவின் குரல். எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்று இரண்டு மாதம் இருக்கும். "உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள். அவளுக்கே மூச்சு வாங்கியது.

மாமா சுவரைத் தேய்த்திருக்கிறார். நான் பிளீச்சிங் பவுடரில் தேய்ப்பதைத்தான் தினமும் பார்த்திருக்கிறாரே. அது பாதிதான் போக்குகிறது என்று, கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் அதே வாளியில் ஊற்றியிருக்கிறார். ஒன்று பாதியைப் போக்கினால் இரண்டும் சேர்ந்து முழுசையும் போக்கும் என்று அவர் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வாடை மேல் வீட்டுக்குப் போனால் அதற்கும் ஒரு சண்டை வருமே என்று ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்தியிருக்கிறார். முகத்தில் என் துணியைக் கட்டியிருந்தார். இருமல் வந்தும் விடவில்லை. நீங்களே பார்த்திருப்பீர்களே, எடுத்த வேலையைப் பாதியில் போட மாட்டார்.

தையற்காரம்மா இருமல் சத்தத்தைக் கேட்டு, மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்திருக்கிறாள். பிறகு வாளி உருண்ட சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லையாம். கீழே ஓடி வந்து, கதவைத் தோளால் முட்டித் திறந்து, அந்தப் புகைக்குள் போய் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டு வந்திருக்கிறாள். நம்மோடு சண்டை போட்ட பெண். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, ஒரு வாரமாக ஊசி கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். காலைப் பிடிக்கப் போனேன். "சும்மா இருங்க, உங்க வீட்டுப் பெரியவர்னா எனக்கும் பெரியவர்தான்" என்று எழுந்து போய்விட்டாள்.

முதல் நாள் மாமா நன்றாகத்தான் பேசினார். தொண்டைதான் எரிகிறது என்றார். வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸிடம் சண்டைகூடப் போட்டார். மறுநாள்தான் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. வாரக்கணக்கில் அந்தப் பூஞ்சை அறையில் படுத்து ஏற்கெனவே உள்ளே கெட்டுப்போயிருந்ததாம். அதன் மேல் இந்தப் புகையும் போனதில் தாங்கவில்லை என்கிறார்கள். இப்போது முகத்தில் மாஸ்க். இரண்டு வார்த்தை பேசினால் நாலு மூச்சு வாங்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அந்த அறைக்குள் போகப் பயமாக இருந்தது. போனேன். பெரும்பகுதிச் சுவரை வெளுக்க வைத்திருந்தார். கைக்கு எட்டிய இடம் வரைக்கும் அடித்துத் தேய்த்து, கீழ்ச்செங்கல் தெரிய வைத்திருந்தார். எட்டாத மேல்மூலைக்காக பாப்பாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தார். அதன் மேல் ஏறியவர்தான் விழுந்திருக்கிறார். நான் அந்த ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ் வந்து விசாரிக்குமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. மழை நிற்கட்டும் என்றவர், கொட்டுகிற மழையில் பிளம்பரைக் கூட்டி வந்தார். சுவரை உடைத்தார்கள். மொட்டை மாடித் தண்ணீர் இறங்குவதற்கு எந்தக் காலத்திலோ சுவருக்குள் புதைத்த குழாய் ஒன்று நெடுக விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சுவர் உள்ளேயிருந்து தண்ணீர் குடித்திருக்கிறது. நாமோ வெளியே நின்று வெள்ளை அடித்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தோம். ஜன்னலைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தையற்காரம்மாவும் என் பக்கத்தில் நின்று அந்த ஓட்டையைப் பார்த்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

அதோடு முடிந்தது என்று எழுத ஆசை. மாமா வெளுக்க வைத்த இடத்தில் மறுபடியும் புள்ளி விட ஆரம்பித்திருக்கிறது. பக்கத்துச் சுவரிலும் ஏறியிருக்கிறது. காரையை மொத்தமாகக் கொத்தி எடுத்து, மாதக்கணக்கில் காய விட்டால்தான் போகுமாம். பாப்பாவை அந்த வீட்டுக்கு இனி நான் கூட்டி வர மாட்டேன். வேறு வீடு பார்க்கச் சொல்லி அக்காவின் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கண் விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சுவர் வெளுத்துச்சா?" வெளுத்துவிட்டது மாமா, பளிச்சென்று இருக்கிறது என்கிறேன். "மேனேஜர்?" என்கிறார். அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்கிறேன். வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. அக்கா ஒரு நாள் அவளைக் கூட்டி வந்து, எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நிறுத்தினாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். தாத்தாவைப் பார்த்து அவள் கையை மேலே தூக்கி ஏதோ கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. மாமா மாஸ்க்குக்குள் சிரித்தார், அது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு இப்போது இழுப்பு சுத்தமாக நின்றுவிட்டது. நான் அவரிடம் சொல்வதில் உண்மை அது ஒன்றுதான்.

உங்களிடமும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். வீட்டுக்காரர் மேல் இருக்கிறது. அந்தக் குழாயைப் புதைத்தவன் மேல் இருக்கிறது. அன்றைக்குக் கடைக்கு விடுப்புப் போடாத என் மேல் இருக்கிறது. உங்கள் மேல் கொஞ்ச நாள் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது எப்போது போனதென்று தெரியவில்லை. நீங்கள் போனில் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேத்தி திரும்பி வர வேண்டும் என்றுதான் அவர் வாளியை எடுத்தார். நான் அப்படித்தான் நம்புகிறேன். நீங்களும் அப்படியே நம்புங்கள்.

நேற்று பெரிய டாக்டர் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டு, "வர வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

படகு கரை சேர்ந்து, அங்கிருந்து பஸ் பிடித்து நீங்கள் வருவதற்குள் நேரம் ஆகிவிடும். அதனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். வரிசையில் நிற்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். வார்டின் போன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நர்ஸ் போனை அவர் காதருகே பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பேசினால் அவரால் பதில் சொல்ல முடியாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பயந்துவிடாதீர்கள். "சுவர் வெளுத்துடுச்சாமே அப்பா, நீங்கதான் செஞ்சீங்களாமே" என்று சொல்லுங்கள். எப்போதும் பேசுகிற மாதிரி, கொஞ்சம் அதட்டலாகவே பேசுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் வாயிலிருந்து அதைக் கேட்டால், தான் எந்த நிலைமையில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பத்திரமாக வாருங்கள்.

மனைவி